ஒரே பெஞ்சில் உட்காரட்டும்

பாகூர் என்றதும் பலருக்கு ஏரிதான் ஞாபகம் வரும். கல்வெட்டு, செப்பேடு என்று அலைகிறவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெளியான பாகூர்ச் செப்பேடுகள். அங்கே இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதை அவை சொல்கின்றன. புதுச்சேரிக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வோம்: "அந்தக் காலத்துலயே எங்க ஊர்ல யுனிவர்சிட்டி இருந்துச்சு."

இருந்தது. சரி. அந்த மூன்று ஊர்களிலும் நாற்று நட்டவர்கள், களையெடுத்தவர்கள், நெல் சுமந்தவர்கள் அந்த வித்யாஸ்தானத்துக்குள் போய் உட்கார்ந்து ஒரு பாடமாவது கேட்டிருப்பார்களா? வேதமும் சாஸ்திரமும் நடந்த இடத்தில் அவர்களுக்கு ஏது இடம்? சோறு போட்டவன் ஒருத்தன், படித்தவன் இன்னொருத்தன். இந்த ஏற்பாடு பல்லவர்களோடு முடிந்துபோயிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

நான் பேச வந்தது லுத்தரன் திருச்சபையின் இறையியல் கல்வியைப் பற்றி. "அதெல்லாம் சர்ச் விவகாரம், நமக்கென்ன?" என்று நகர்ந்துவிடாதீர்கள். தமிழில் அச்சு உரைநடையின் தொடக்க காலத்தைப் பேசும்போது நாம் எல்லோரும் தரங்கம்பாடிக்குப் போகிறோம். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கையும், 1714-15இல் அச்சான புதிய ஏற்பாட்டையும் பேசுகிறோம். அந்தப் புத்தகத்தை வாசித்தவர்களின் வாரிசுகள் இன்று எப்படி வாசிக்கிறார்கள், யார் அவர்களுக்கு விளக்கம் சொல்கிறார்கள் என்று கேட்பதில்லை. அச்சு எந்திரத்தின் மேல் இருக்கும் பிரியம் வாசகன் மேல் இல்லை.

சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1927இல் தொடங்கப்பட்ட குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரி இருக்கிறது. சாதாரண இடமில்லை. தலித் இறையியலுக்கென்றே தனித் துறை கண்ட கல்லூரி. அர்விந்த் நிர்மல் அங்கிருந்துதான் அந்தச் சிந்தனையை வளர்த்தார். இப்படிப்பட்ட கல்லூரிகள் ஆயர்களுக்கும் சபையாருக்கும் 'தொடர் இறையியல் கல்வி' தருவதையும் தம் பணியாகச் சொல்கின்றன. நல்ல சொல். ஆனால் திருச்சபை உலகில் அதற்கு ஒரு பழகிப்போன வடிவம் உண்டு. ஆயர்களுக்குத் தனியாகப் புத்தொளிப் பயிற்சி. சபையாருக்குத் தனியாக ஒருநாள் கருத்தரங்கு, மதியம் பிரியாணி, குரூப் போட்டோ. இரண்டு அறை, இரண்டு பாடம், இரண்டு மரியாதை.

இந்த இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கிற சுவரைத்தான் இடிக்க வேண்டும் என்கிறேன். ஆயரும் சபையாரும் ஒரே பெஞ்சில், ஒரே பாடத்தை, ஒரே மொழியில் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்குத் தொடர் கல்வி என்று பெயர் வைக்கக் கூடாது. தொடர்ந்து நடப்பது ஆதிக்கம் மட்டும்தான்.

இது புரட்சியும் இல்லை, புதுசும் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற எல்லோருமே குருக்கள்தான் என்று லுத்தர் எழுதியது 1520இல். 1528இல் சாக்சனிச் சபைகளை நேரில் போய்ப் பார்த்தபோது, மக்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை, பல போதகர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று அதிர்ந்துபோனார். அடுத்த ஆண்டே இரண்டு ஞானோபதேச நூல்கள் வந்தன. சின்னதில், வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இருந்தது. பெரியதற்கு எழுதிய முன்னுரையில் சோம்பேறிப் போதகர்களை வறுத்தெடுத்தார். தானும் ஒரு டாக்டர்தான், ஆனாலும் தினமும் ஒரு குழந்தையைப் போல அந்த அடிப்படைப் பாடத்தைப் படிப்பதாகச் சொன்னார். பட்டம் வாங்கியபின் படிப்பதை நிறுத்திய ஆயருக்கு லுத்தரே சிபாரிசுக் கடிதம் தர மாட்டார்.

நம் ஊர்க் கதை இன்னும் கசப்பானது. பாகூருக்குத் தெற்கே, தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். அங்கே பிறந்த ஆரோன்தான் 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றவர். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் போதகர். வெள்ளாளர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். தஞ்சாவூரில் படைவீரர், கத்தோலிக்கர். கைக்குக் கிடைத்த அச்சிட்ட தமிழ் நற்செய்தி நூலைத் தானே படித்து, தானே யோசித்து, 1727இல் தரங்கம்பாடியைத் தேடி வந்தவர். யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் சபைகளைக் கட்டியெழுப்பியவர். அடுத்த குருப்பட்டத்துக்கு அவர் பெயர் அடிபட்டது. அவர் பறையர். அவர் கையால் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற தயக்கம் ஜெயித்தது. 1741இல் தியோகு என்பவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஜெர்மனியில் 'ஆயர்', 'சபையார்' என்பது வேலைப் பிரிவினையாக இருந்திருக்கலாம். இங்கே அந்தக் கோட்டைப் போட்ட கைகளில் சாதியின் கையும் ஒன்று. மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களில் ஞானம் குறைந்தவர்கள் மட்டும் இல்லை. ஏற விடாமல் தடுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆகவே சபையாருக்கான இறையியல் கல்வி என்பது கல்லூரி போடும் பிச்சை கிடையாது. கிட்டத்தட்ட முந்நூறு வருஷக் கடன். வட்டியோடு திருப்ப வேண்டிய கடன்.

இன்று அந்தக் கடன் யார் வீட்டு வாசலில் நிற்கிறது? வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு வாருங்கள். வில்லியனூர் என்றால் லூர்து மாதா கோயில். இது கத்தோலிக்க நிலம். லுத்தரன்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. ஆனால் பக்கத்திலேயே கடலூரில் ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இந்தப் பக்கத்து ஒரு தலித் கிறிஸ்தவருக்கு இருக்கும் முதல் இறையியல் கேள்வி திரித்துவம் பற்றியது இல்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையும், புதுச்சேரிக்கென 1964இல் வந்த ஆணையும் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் காகிதத்தில் இந்து. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கிறிஸ்தவர். "நான் பொய் சொல்றேனா? இது பாவமா?" என்று அந்தத் தாய் யாரிடம் கேட்பாள்? இதைவிடக் கனமான இறையியல் கேள்வி எந்தச் செமினாரில் இருக்கிறது? தலித் இறையியலின் முக்கிய நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கேள்வி தமிழில் இருக்கிறது.

வெற்றிடம் சும்மா இருக்காது. தொடர் இறையியல் கல்வி இப்போதே கிராமத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நடத்துவது யூடியூப். காணிக்கை அனுப்பினால் கடன் தீரும், எண்ணெய் தடவினால் கட்டி கரையும், நோய் தீரவில்லை என்றால் உன் விசுவாசம் போதவில்லை என்று தினமும் பாடம் ஓடுகிறது. கட்டணமும் வசூலாகிறது. கல்லூரி தமிழில் வர யோசித்த இடத்துக்கு அவர்கள் தமிழிலேயே வந்துவிட்டார்கள்.

"அரைகுறைப் படிப்பு ஆபத்து சார், எல்லாரும் வியாக்கியானம் பண்ண ஆரம்பிச்சுடுவாங்க" என்பார்கள். பண்ணட்டும். ராஜநாயக்கன் பண்ணியது அதைத்தான். படித்த சபை பிரசங்கத்தில் கேள்வி கேட்கும், கணக்குப் புத்தகத்திலும் கேட்கும். பயம் அங்கேதான் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

"வேலைக்குப் போயிட்டு வர்ற ஜனங்க எங்க படிக்கப்போறாங்க?" என்பது அடுத்தது. 1963இல் குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன் செமினரி ஒன்று இதே கேள்வியைச் சந்தித்தது. கிராமத்தின் உண்மையான தலைவர்களுக்குக் குடும்பமும் பிழைப்பும் இருந்தன. வளாகத்துக்கு அவர்களால் வர முடியவில்லை. செமினரி அவர்களைத் தேடிப் போனது. வீட்டில் படிக்கப் பாடநூல், வாரம் ஒருநாள் பக்கத்து ஊரில் கூடிப் பேச்சு. அந்த முறை உலகம் சுற்றியது. 1971இல் பெங்களூரில் இதற்கென்றே ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. மதுரை அரசரடியில் 1969இல் எழுந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே இறையியல் பட்டப்படிப்பு நடத்திக் காட்டியது. முடியாது என்று சொல்கிறவர்கள் அரசரடிக்குப் பஸ் ஏறலாம்.

"ஆன்லைன்ல போட்டாச்சே?" என்பது கடைசிப் பதில். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிடிஎஃப்பை ஏற்றி லாகின் கொடுப்பது கல்வி இல்லை, சேமிப்பு. எங்கள் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. இருபது வருஷ அனுபவசாலி எழுதிய நிரலையும் நேற்றுச் சேர்ந்த பையன் படித்துப் பார்த்து, "இந்த வரி தப்பு" என்று சொல்லலாம். சொன்னால் திருத்த வேண்டும். பிரசங்க மேடைக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டா?

நான் கேட்பது கொஞ்சம்தான். மாதம் இரண்டு சாயங்காலம், பாகூரிலோ வில்லியனூரிலோ ஓர் ஆலயத்தில், தமிழில். ஆசிரியர் சென்னையிலிருந்து பஸ்ஸில் வரட்டும். வட்டாரத்து ஆயர்கள் கட்டாயம் வர வேண்டும்; மேடையில் இல்லை, பெஞ்சில், நூறு நாள் வேலைக்குப் போய்வந்த அக்காவுக்குப் பக்கத்தில். பாதிப் பாடத்தைக் கல்லூரி தீர்மானிக்கட்டும், மீதியைச் சபையார் தங்கள் கேள்விகளிலிருந்து தீர்மானிக்கட்டும். முதல் வகுப்புக்குத் தலைப்பு வேண்டுமா? அந்தச் சான்றிதழையே வையுங்கள். ஆயருக்குப் பதில் தெரியாமல் போனால், நோட்டை எடுத்து அவரும் எழுதிக்கொள்ளட்டும்.