வெள்ளைத்தாள் ஒட்டிய கட்டம்

ஊர்த்தெருக்காரனைக் கேளுங்கள், எட்டுத் தலைமுறைப் பேரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். செப்பேடு இருக்குன்னுவான், பட்டயம் இருக்குன்னுவான், கோயிலில் முதல் மரியாதை எங்க பாட்டனுக்குத்தான்னுவான். வம்சாவளி, வம்சாவளி என்று அவன் மார்தட்டுவது வேறொன்றுமில்லை, நிலப்பத்திரத்தைத்தான். எவனுக்கு நிலம் இருந்ததோ அவனுக்குத் தாத்தா இருந்தார். எங்களுக்கு ஆயா சொன்ன கதைதான் இருந்தது.

கல்வெட்டில் நாங்கள் இல்லாமலில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டி வைத்த கல்வெட்டில் பறைச்சேரியும் இருக்கிறது, தீண்டாச்சேரியும் இருக்கிறது. வரி கட்ட வேண்டாத நிலங்களோடு சேர்த்து எழுதியிருக்கிறான். சேரி இருக்கு. அந்தச் சேரியில் கஞ்சி குடிச்சவன் பேர் இல்லை. எங்கள் ஆளைப் பேர் சொல்லி எழுதின கணக்கு எதுவென்று தேடினால் அடிமை ஓலை அகப்படும், அதை விட்டால் கப்பல் கணக்கு. விற்கும்போதும் ஏற்றும்போதும்தான் எங்களுக்குப் பேர் வந்திருக்கிறது.

அந்தக் கப்பல் கணக்கைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்க ஆயா சொல்லும்: "எங்க மாமனாருக்கு அண்ணன் ஒருத்தரு இருந்தாராம். ஆள்கட்டி கூட்டிகினு போய் கப்பல்ல ஏத்திட்டானாம். கரும்பு வெட்டப் போனவரு திரும்பவே இல்ல." எந்த நாடு, எந்த வருஷம், ஆயாவுக்குத் தெரியாது. வருஷா வருஷம் படையலில் அவருக்கும் ஒரு இலை போடும். அவ்வளவுதான் அவருக்கு வரலாறு.

நாடு நேட்டால். 1843இல் வெள்ளைக்காரன் இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று எழுதினான். பதினேழு வருஷம் கழித்து, 1860 நவம்பர் 16 அன்று, சென்னையில் ஆள் ஏற்றிய ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. அதிலிருந்து 1911 வரைக்கும் ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் பேர். பெரும்பகுதி நம்ம சென்னை ராஜதானி ஆட்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங் கூலி. ஒவ்வொரு ஆளையும் ஒரு நம்பர் போட்டு எழுதினான். பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடம்பில் அடையாளம்.

எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. நூறு வருஷத்துக்கு மேலே ஆன பிறகு இதைத் தெரிந்துகொண்டேன். கூட இருந்து செத்த என் சொந்தத் தாத்தாவுக்கு எங்கே தழும்பு இருந்தது என்று எனக்குத் தெரியாது. யோசித்துப் பாருங்கள். இதை எழுதினவன் பாசத்தில் எழுதவில்லை. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிக்க எழுதினான். மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி. ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. ஊர்க் கர்ணம் தலைமுறை தலைமுறையாக எழுதின கணக்கில் இல்லாத என் பாட்டன், தேயிலைப்பெட்டி மாதிரி அளந்து ஏற்றினவன் கணக்கில் உயரத்தோடு நிற்கிறார்.

தாளைக் கொண்டுவந்தது அவரோட கொள்ளுப்பேத்தி. எனக்கு அக்கா முறை. அறுபது வயசுக்கு மேலே, ஓய்வுபெற்ற டீச்சர். தமிழில் ஆயா, சாமி, கறி, கஞ்சி, இவ்வளவுதான் தெரியும். மத்ததெல்லாம் என் மகள்தான் சொல்லிச் சொல்லிப் பேசினாள். சென்னையில் கார் பிடித்து, தாளில் இருந்த கிராமத்தைத் தேடி வட ஆற்காட்டுப் பக்கம் வந்திருக்கிறார்கள். கார் முதலில் ஊர்த்தெருவில்தான் நின்றது. வெளிநாட்டுக்காரம்மா, நம்ம மண்ணோட வேர் தேடி வந்திருக்காங்க என்று ஒரே தடபுடல். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பெரிசு தாளை வாங்கி, தகப்பன் பேரைப் படித்துவிட்டு, "நீங்க காலனிக்குப் போவணும்மா" என்று தாடையால் காட்டியிருக்கிறான். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் காலனியிலிருந்துதானே வருகிறேன், நேட்டால் காலனி, தாளிலேயே காலனி நம்பர் போட்டிருக்கே என்று நினைத்தார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எங்க வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. (அந்தச் சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பதிவேட்டிலிருந்து எடுக்கலாம், அந்தத் தாடையிலிருந்து எப்படி எடுப்பது?)

இரண்டு நாள் தங்கினார்கள். ஆயா இலை போட்ட கதையைக் கேட்டு அழுதார்கள். போகும்போது எனக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் நடுவில் ஒரு கட்டம் வெள்ளையாக இருக்கிறது. சாதி என்ற கட்டம். தாளைக் கிழித்து ஒட்டி மறைத்துவிட்டு நகல் எடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் குடும்பப் பேருக்குப் பின்னால் ஒரு பட்டம் இருக்கிறது. டர்பனில் பிள்ளை, நாயுடு, முதலியார், கவுண்டர் எல்லாம் குடும்பப் பேர்கள். கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்களில் எத்தனையோ பேர் புதுப் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். அதை நான் குற்றமென்று சொல்லமாட்டேன். நரகத்திலிருந்து தப்பினவன் கையில் கிடைத்த சட்டையைப் போட்டுக்கொள்வான். ஆனால் அந்தச் சட்டையே தோலாகிவிட்டது. 2001இல் அதே டர்பனில் ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தது. இங்கிருந்து தலித்துகள் போய் சாதியையும் பேசு என்று முழங்கினார்கள். இந்திய அரசு பேசவிடாதே என்று மல்லுக்கட்டியது. அப்போ நீங்க எங்கே இருந்தீங்கக்கா என்று கேட்டேன். "டிவியில காட்டினாங்க. எங்கம்மா சேனலை மாத்திட்டாங்க" என்றார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அந்த வெள்ளைக் கட்டம் ஏன் வேண்டும்?

செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அனுப்பிய அறிக்கையின் பேரில் 1892இல் அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம், அவர்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது. அதுதான் பஞ்சமி நிலம். எங்க ஊரில் அப்படிக் கொடுத்ததில் ஒரு துண்டு என் கொள்ளுத்தாத்தா பேரில். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் இன்னார் மகன் இன்னார் என்று இருக்கிறது. நிபந்தனை எழுதியிருந்த பக்கம் கிழிந்துபோயிருக்கிறது, எலி கடித்ததாம். சொல்லிவைத்த மாதிரி அந்தப் பக்கத்தை மட்டும் கடிக்கிற எலி. 1980களில் யுடிஆர் வந்தபோது பட்டா ஊர்த்தெருக்காரன் பேருக்குப் போய்விட்டது. நாங்கள் மனுப் போட்டோம். அவன் கொடுத்த பதில் என்ன தெரியுமா? பதிவேட்டில் இருப்பது எங்க கொள்ளுத்தாத்தா பேர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்!

எட்டுத் தலைமுறை ஒப்பிப்பவன் அவன்தான். எங்கள் நிழல் பட்டால் தீட்டு என்றவன் வீட்டு வாரிசு. ஒன்றரை ஏக்கருக்காக ஒரு பறையனைத் தன் பாட்டனாக்கிக்கொள்ளக் கூசவில்லை.

என் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பேரும், கப்பலேறினவரின் தகப்பன் பேரும் ஒன்று. ஊரும் ஒன்று. அந்தக் குடும்பம் இன்ன சாதி என்று அந்தக் காலத்திலேயே சர்க்கார் எழுதின தாள் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அந்தத் தாளில் அந்தக் கட்டம்தான் மறைந்திருக்கிறது.

போனில் கேட்டேன். அக்கா சொன்ன பதிலையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். "எங்களை 1950லிருந்து 1991 வரைக்கும் இனம் போட்டு எழுதினாங்க. எந்த பஸ், எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெரு, எல்லாம் அந்த ஒரு கட்டத்தாலதான். அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது. நீ ஏன் மறுபடியும் எழுதச் சொல்றே?"

அக்கா, உங்கள் குடும்பத்தைக் கேட்டோ மேனரிலிருந்து பிடுங்கிச் சாட்ஸ்வொர்த்தில் போட்டான். விடுதலைக்குப் பிறகு 1994இல் நில மீட்புச் சட்டம் வந்தது. உங்கப்பா மனுப் போட்டதாக நீங்களே சொன்னீங்க. அந்த மனுவில் இந்தியர் என்ற சொல்லை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தா கொடுத்தார்? எந்தக் கட்டத்தை வைத்துப் பிடுங்கினானோ அதே கட்டத்தைக் காட்டித்தானே கேட்டார்? நானும் அதைத்தான் கேட்கிறேன்.

இதை அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. நம்ம பையன்களுக்கும் சொல்கிறேன். இப்போது அவர்களுக்கும் ஆண்ட பரம்பரை நோய் தொற்றியிருக்கிறது. சுவரொட்டியில் வாள், குதிரை, கிரீடம். அவன் மறைத்து ஒட்டுகிறான், இவன் தங்கத்தாள் ஒட்டுகிறான், கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிறவன் யார்? அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதவர்கள் யார், ஏன் அப்படி ஆனார்கள் என்று ஒரு புத்தகமே எழுதினார். அதை நந்தனாருக்கும் ரவிதாசருக்கும் சொக்கமேளருக்கும் காணிக்கையாக்கினார். ராஜாக்களுக்கு ஆக்கவில்லை. கீழே தள்ளியது யார், ஏன் என்று கேட்கத்தான் அவர் மூதாதையைத் தேடிப் போனார். என் பாட்டன் ராஜாவாக இருந்திருந்தால் இன்னொருத்தன் பாட்டன் அவனுக்குப் பண்ணையாளாக இருந்திருப்பான். அந்தப் பெருமை எனக்கெதற்கு? ஒன்றரை ஏக்கர் கொடு.

டர்பன் ஆவணக் காப்பகத்துக்கு நானே எழுதி நகல் வாங்கிவிடலாம் என்று தோழர்கள் சொல்கிறார்கள். வாங்கலாம். ஆனால் அந்த நம்பருக்குச் சொந்தக்காரர் எங்க குடும்பத்து ஆள் என்று யார் சொல்வது? அவர் வழி வந்தவர்கள் வாயால் சொல்லவேண்டும். இதே தாளைக் காட்டித்தான் அக்கா இந்திய வம்சாவளி என்று தூதரகத்தில் அட்டை வாங்கியிருக்கிறார்கள். அங்கே செல்லுபடியான பாட்டன் தாலுகா ஆபீசிலும் செல்லட்டும்.

அண்ணனைக் கேட்டுச் சொல்றேன் என்றார்கள். மூன்று மாசம் ஆகிறது. பேத்திக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், மாப்பிள்ளை வீட்டார் பட்டத்துக்கு மரியாதை கொடுக்கிறவர்களாம். அதனால்தான் இந்தப் பக்கத்தில் யார் பேரையும் எழுதவில்லை, ஊர் பேரும் எழுதவில்லை. அந்த மட்டுக்கு நான் அவர்களுக்குத் தம்பி. விசாரணைக்கு வரச்சொல்லி இரண்டாவது நோட்டீஸ் வந்துவிட்டது. அக்கா, வேறொரு ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்க. எதையும் ஒட்டாம.