நிரப்பின ஃபார்ம் எங்கே போச்சு?

"அண்ணே, எல்லாத்தையும் நிரப்பித்தானே அனுப்பினேன். வெறும் ஃபார்ம் வந்திருக்குன்னு பதில் போட்டிருக்காங்க!"

பாம்பனிலிருந்து ஒரு தங்கச்சி. பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், மறுநாள் கடைசி தேதி. ராமநாதபுரத்துக்கு ஓடி ஒரு பிரவுசிங் சென்டரைப் பிடிக்கலாம்னா, பஸ்ஸில் போய் வரவே அரை நாள் காலி. வீட்டில் இருப்பது அவள் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த இலவச லேப்டாப். 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்களே, அந்த வகை. (சி-டாக் உருவாக்கினது. பேரே பாஸ்தான், பாஸ்!) விண்டோஸ் எப்பவோ படுத்துடுச்சு. லினக்ஸ் மட்டும் ஓடுது.

ஃபைலை எனக்கு அனுப்பச் சொன்னேன். நிஜமாவே காலி. ஆனா அவள் திரையில் அப்பா பெயர், தொழில் மீன்பிடி, ஆண்டு வருமானம் எல்லாம் பளிச்சுன்னு இருக்காம்!

பேய் வேலை எதுவும் இல்லை. அண்ணன் அதில் போட்டு வைத்திருந்தது பழைய ஒக்குலர். நாம டைப் பண்றதை அது பி.டி.எஃப்.புக்குள் எழுதாது, தனியா ஒரு ஃபைலில், அதே கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளும். அந்த மெஷினில் திறந்தா தெரியும், மெயிலில் கூட வராது. 'சேவ் ஆஸ்' கொடுத்திருந்தா தப்பித்திருக்கலாம். 2017 டிசம்பரில் வந்த 1.3 வெர்ஷனிலிருந்துதான் சேவ் கொடுத்தா நேரா பி.டி.எஃப்.பிலேயே ஏறுது.

உடனே 'அடோபி ரீடர் எங்கே கிடைக்கும்?'னு தேட ஆரம்பிக்காதீங்க. லினக்ஸுக்கு 2013-ல் வந்த 9.5.5-தான் கடைசி. அதோட கடையைச் சாத்திட்டாங்க.

இன்னொரு வில்லனும் உண்டு. சில ஃபார்மைத் திறந்தா கட்டமே இருக்காது, 'ப்ளீஸ் வெயிட்'னு ஒரு வரி மட்டும் நிக்கும். ராத்திரி முழுக்க வெயிட் பண்ணினாலும் ஒண்ணும் வராது! அது எக்ஸ்.எஃப்.ஏ. வகை. எவின்ஸ், ஒக்குலருக்கெல்லாம் அது புரியாது. சாதாரண வகைக்கு அக்ரோஃபார்ம்னு பேர். எந்த வகைன்னு சந்தேகமா? டெர்மினலில் 'பி.டி.எஃப். இன்ஃபோ' கட்டளையை ஃபைல் பெயரோட கொடுங்க. 'ஃபார்ம்' என்ற வரியில் பதில் இருக்கும். ரெண்டுக்கும் ஒரே மருந்து ஃபயர்ஃபாக்ஸ். 2020-ல் வந்த 81-வது வெர்ஷன் அக்ரோஃபார்மை நிரப்பக் கத்துக்கிட்டது, 2021-ல் வந்த 93 எக்ஸ்.எஃப்.ஏ.வையும். நிரப்பிட்டு, மேலே இருக்கிற டவுன்லோடு பட்டனை அமுக்கினா நிரப்பின காப்பி இறங்கும்.

தமிழில் பெயர் கேட்கிற ஃபார்ம்தான் உண்மையான தலைவலி. கட்டத்துக்குள் தட்டினா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிக்கலாம். வெறும் சதுரமாவும் வரலாம். நான் அதோட மல்லுக்கட்டுறதை விட்டாச்சு. ஸோர்னல் பிளஸ் பிளஸ்ல ஃபார்மைத் திறந்து, மேலேயே எழுதி, பி.டி.எஃப்.பா எக்ஸ்போர்ட் பண்றேன். எழுத்து ஒழுங்கா வருது. ஸ்கேன் பண்ணி அனுப்பின, கட்டமே இல்லாத ஃபார்முக்கும் இதே வழிதான்.

நிரப்பினது எல்லார் திரையிலும் ஒரே மாதிரி தெரியணும்னா, பிரிண்ட் கொடுத்து, பிரிண்டருக்குப் பதிலா 'பிரிண்ட் டு ஃபைல்' தேர்ந்தெடுங்க. எழுத்து தாளோட ஒட்டிக்கும். ஆனா அதுக்கப்புறம் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது, அதனால ஒரிஜினலையும் வைத்துக்கொள்ளுங்க. அங்கே கம்ப்யூட்டரே கட்டம் கட்டமா படிக்கிற ஆபீஸ்னா இந்த வேலையே வேண்டாம், ஒரிஜினலைத்தான் அனுப்பணும். எதை அனுப்பினாலும் முதலில் உங்க செல்போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்க. தங்கச்சி இதைப் பண்ணியிருந்தா எனக்கு போனே வந்திருக்காது.

அன்னிக்கு ராத்திரி பதினொரு மணிக்கு ரெண்டாவது தடவை அனுப்பினாள். காலையில் பதில் வந்தாச்சு: "ஃபார்ம் கிடைத்தது. போட்டோ சைஸ் அதிகம். குறைத்து அனுப்பவும்."

அது அடுத்த வாரம்!