நிறம் சொல்வது முழு உண்மையா?

உயிரணுவை ஒரு சிறு நகரம் எனலாம். அதன் வீதிகள் நுண்குழல்கள். அவற்றின்மேல் சுமை தூக்கி நடக்கும் உழைப்பாளி கைனசின் என்னும் இயக்கப் புரதம். 1985-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வேல், ரீஸ், ஷீட்ஸ் ஆகியோர் கணவாயின் நரம்பை ஆராய்ந்து இதனை உலகிற்கு அறிவித்தனர். ஓர் ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவிட்டு 8 நானோமீட்டர் நகரும் இதன் நடை வியப்பிற்குரியது.

ஆய்வக மாதிரியில் இப்புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை எங்ஙனம் அறிவது? 1971-இல் சுவீடனில் எங்வாலும் பெர்ல்மனும் வெளியிட்ட 'எலைசா' முறை கைகொடுக்கிறது. கைனசினைப் பற்றும் எதிர்ப்பொருள் சிறு குழிகளின் அடியில் படிந்திருக்கும். மாதிரியை ஊற்றிக் கழுவினால் கைனசின் மட்டும் தங்கும். நொதி இணைந்த மற்றோர் எதிர்ப்பொருள் அதன்மேல் அமரும். பின்பு சேர்க்கும் வேதிப்பொருளை நொதி நிறமாக்கும். அளவு தெரிந்த கரைசல்களின் நிறத்தோடு இதனை ஒப்பிட்டால் விடை கிடைக்கும்.

அவ்விடையை அப்படியே நம்பலாமா? கூடாது என்பதே என் கருத்து. மனித உடலில் கைனசின் குடும்பத்திற்குச் சுமார் 45 மரபணுக்கள் உள்ளன. எதிர்ப்பொருள் அண்ணனை விட்டுத் தம்பியைப் பிடித்தாலும் நிறம் தோன்றத்தானே செய்யும்? மேலும், சுமை இல்லாதபோது கைனசின் மடங்கி ஓய்ந்திருக்கும். எலைசா அதனையும் எண்ணிவிடும். வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் வேலை நடந்ததாகுமா?

ஆகவேதான் நல்ல ஆய்வாளர் மாதிரி இல்லாத வெற்றுக் குழியையும் உடன் வைக்கிறார். ஒரே மாதிரியை இரு குழிகளில் இடுகிறார். மாதிரியைப் பாதியாக நீர்த்தால் கணக்கிட்ட அளவும் பாதியாகிறதா என்று பார்க்கிறார். தெரிந்த அளவு கைனசினைச் சேர்த்து அது முழுதும் திரும்பக் கிடைக்கிறதா என்று சோதிக்கிறார்.

நம் செய்முறை வகுப்புகளுக்கு வருவோம். 'வரவேண்டிய விடை' பதிவேட்டில் ஏறிவிட்டால் போதும் என்னும் மனப்பான்மை நம்மிடையே வேரூன்றிவிட்டது. சென்ற ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்து எழுதியவர் முழு மதிப்பெண் பெறுகிறார். தாம் கண்டதை நேர்மையாக எழுதியவர் மதிப்பெண் இழக்கிறார். இது அறிவியலாகுமா?

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். விடைக்கு மட்டுமன்று, விடை ஏன் மாறியது என்னும் விளக்கத்திற்கும் மதிப்பெண் தாருங்கள். ஐயுறக் கற்ற மாணவனே நாளை நம்பத்தக்க எண்ணை நாட்டிற்குத் தருவான்.