பறக்கும் நேரமும் பயண நேரமும்

மைசூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஒரு வினா எழுகிறது. ஊருக்கு விமானத்தில் செல்வதா, தொடர்வண்டியில் செல்வதா? "விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் சென்னையை அடைந்துவிடுமே!" என்பது பலரது விடை. அவ்விடை முழுமையானதன்று என்பதே என் கருத்து.

மைசூருவுக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 390 கிலோமீட்டர். இருப்புப்பாதைத் தொலைவு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். உடான் திட்டத்தின்கீழ் 2017 செப்டம்பரில் இவ்வழியில் விமானச் சேவை தொடங்கியது. மைசூரு மண்டகள்ளி விமான நிலையத்தின் ஓடுபாதை 1,740 மீட்டர் நீளமே உடையது. ஆதலால், எழுபதுக்கும் சற்று மேற்பட்டோர் அமரக்கூடிய சிறிய விமானங்களே இங்கிருந்து பறக்கின்றன. அவற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் வேகம் குறைவதால், இப்பயணத்திற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது.

பெரம்பூரில் உள்ள பாட்டி வீட்டுக்குச் செல்வதாகக் கொள்வோம். வீட்டிலிருந்து மண்டகள்ளிக்கு அரை மணி. சோதனைகளுக்காகக் காத்திருக்க ஒன்றரை மணி. பறக்க ஒன்றேகால் மணி. பெட்டிகளைப் பெற அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து பெரம்பூருக்கு ஒரு மணி. கூட்டினால் நாலேமுக்கால் மணி! பறக்கும் நேரத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு.

2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் தொடர்வண்டி ஏறத்தாழ ஆறரை மணி நேரத்தில் சென்னை சென்ட்ரலை அடைகிறது. நிலையத்திற்குச் செல்லவும், காத்திருக்கவும், பெரம்பூர் சேரவும் ஒன்றரை மணி சேர்த்தால் எட்டு மணி. ஐந்து மணி நேரம் மிச்சம் என்று தோன்றியது, உண்மையில் மூன்றேகால் மணி நேரமே.

பாட்டி கும்பகோணத்தில் இருந்தாலோ கணக்கே மாறிவிடும். சென்னையில் இறங்கியபின் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தெற்கே செல்ல வேண்டும். மாறாக, பிற்பகலில் மைசூருவில் புறப்படும் விரைவுத் தொடர்வண்டியில் ஏறினால், இரவு உறங்கி எழுந்து, மறுநாள் காலையில் கும்பகோணத்திலேயே இறங்கலாம்.

அப்படியாயின் விமானம் வேண்டாமா? வேண்டும். நோயுற்ற ஒருவரைக் காண விரைவோர்க்கு மூன்று மணி நேரம் விலைமதிப்பற்றது. தொடர்வண்டியில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், திடீரெனப் புறப்படுவோர்க்கு இடம் கிடைப்பது அரிது. அவசரத்திற்கு விமானம் அருந்துணை. ஆனால், ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளும் பெட்டிகளுமாய் ஊருக்குச் செல்லும் குடும்பத்திற்கு, நேரடித் தொடர்வண்டியே ஊரை அண்மையில் கொண்டுவருகிறது.

மாணவர்களே! ஊர் எவ்வளவு தொலைவு என்று யாரேனும் வினவினால், விமானம் பறக்கும் நேரத்தை மட்டும் கூறாதீர்கள். உங்கள் வீட்டு வாயிலிலிருந்து பாட்டி வீட்டு வாயில்வரை கணக்கிட்டுக் கூறுங்கள். அதுவே உண்மையான பயண நேரம்.