ஊசி போடப் போற பிள்ளைக்கு யார் ஊசி போடுவா?

14 வயசுப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி படிப்படியாகப் போடப்படும்னு 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவிச்சாங்க. 36 கோடி ரூபாய் ஒதுக்கீடு. நல்ல திட்டம், வரவேற்கிறோம்.

ஆனா நாளைக்கு அந்த ஊசியைக் கையில எடுக்கப் போறது யாரு? இன்னைக்கு நர்சிங் படிக்கிற நம்ம பிள்ளைங்க. அவங்களுக்கு வயசு 18, 19. திட்டத்தின் வயசைத் தாண்டியாச்சு. வெளியில போட்டுக்கணும்னா ஆயிரக்கணக்குல செலவு. சிப்காட் கம்பெனியில ஷிப்ட் பார்க்கிற அப்பா சம்பளத்துல அது நடக்குமா? ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டாச்சான்னு மறக்காம கேட்கிற கல்லூரிகளும் இதைப் பத்திப் பெரும்பாலும் வாய் திறக்கிறதில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இந்த வைரஸ்தான் காரணம்னு கண்டுபிடிச்ச ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-லேயே நோபல் பரிசு கொடுத்தாச்சு. 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்ததா சர்வதேசக் கணக்கு சொல்லுது. இறந்தவங்க ஏறக்குறைய 80 ஆயிரம். சின்ன மாநிலம் சிக்கிம், 2018-லேயே பள்ளிக்கூடம் வழியா இந்த ஊசியைப் போட்டுக் காட்டிடுச்சு. புனே சீரம் நிறுவனத்தோட தடுப்பூசியும் 2023-ல் வந்தாச்சு. 26 வயசு வரைக்கும் போட்டுக்கலாம், ஆண்களும்தான்.

பேரிகை பக்கம் இன்னொரு சங்கதி இருக்கு. இங்க பாதி வீட்டுல தெலுங்கு, கன்னடம். "கல்யாணமே ஆகல, இது எதுக்கு?", "பின்னாடி குழந்தை பிறக்குமா?"ன்னு ஒரு அம்மா அவங்க பாஷையில கேட்டா, தமிழ் போஸ்டர் பதில் சொல்லாது. அதே ஊர்ல வளர்ந்த நர்சிங் மாணவி சொல்லுவா. வைரஸ் தொற்றுறதுக்கு முன்னாடி போட்டாதான் முழுப் பலன், அதனாலதான் சின்ன வயசுல. குழந்தைப்பேறுக்கு இதனால பாதிப்பு இல்லைன்னு. "நீ போட்டுக்கிட்டியாம்மா?"ன்னு திருப்பிக் கேட்டா அவ என்ன சொல்லுவா?

கிருஷ்ணகிரி மாவட்டத்துல நர்சிங், பாராமெடிக்கல் முதலாமாண்டு மாணவ மாணவிகளுக்கு அரசுச் செலவில் இந்த ஊசி வேணும். 30 வயசுக்கு மேல பரிசோதனையும் அவசியம்ங்கிறது உட்பட, மக்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லப் பழக்கணும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற ரெண்டு மார்க் கேள்வியா இது போயிடக் கூடாது.

வர்ற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மகளிர் அணியும் மாணவர் அணியும் சேர்ந்து மனு கொடுக்கிறோம். வீட்டுல நர்சிங் படிக்கிற தங்கச்சி இருந்தா கூட்டிட்டு வாங்க. அவங்களே பேசட்டும்.

#எச்பிவி_தடுப்பூசி #பேரிகை #ஓசூர்