பாட்டுக்குள் பதுங்கிய கங்காணி

ஒருவன் தன் உழைப்பின் ஊதியத்தைக் கொடுத்து ஒரு பொருளை வாங்குகிறான். வாங்கிய பின் அப்பொருள் யாருக்குச் சொந்தம்? வாங்கியவனுக்கா, விற்றவனுக்கா? சிறு பிள்ளையைக் கேட்டாலும் தயங்காமல் விடை சொல்லும். ஆனால் இசையை விற்கும் பெருமுதலாளிகள் மட்டும் இதற்கு நேர்மாறான விடையைச் சொல்லி வருகிறார்கள். “பணம் உன்னுடையது, பாட்டு எங்களுடையது, அதைக் கேட்கும் கருவியும் பாதி எங்களுடையது” என்பதே அவ்விடை. அதை வாய்விட்டுச் சொல்லும் நேர்மையும் அவர்களுக்கு இல்லை. பாட்டோடு சேர்த்து ஒளித்து வைத்த மென்பொருளால் சொல்கிறார்கள்.

தெங்கேராவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழும் நமக்கு இதைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். நமக்கன்றோ முதற்கவலை! நம் பாட்டன்மார் குடியிருந்த லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். துரை நினைத்தால் காலி செய்யச் சொல்லலாம். ஆனால் அவ்வீட்டுக்குள் இருந்த நாய்ப்படம் போட்ட இசைத்தட்டும், பின்னாளில் வந்த ஒலிநாடாவும் அவர்களுக்கே சொந்தமாயிருந்தன. அவற்றைக் கேட்க எவனிடமும் உத்தரவு பெற்றதில்லை. அண்டை வீட்டாருக்கு இரவல் கொடுக்க எந்தக் கங்காணியையும் கேட்டதில்லை. அந்தச் சிறு சொந்தத்தையும் பறிக்க வந்ததே நாம் இங்கே கண்டிக்கும் தந்திரம்.

2005-ஆம் ஆண்டு நடந்ததைச் சற்று நினைவு கூர்வோம். சோனி பி.எம்.ஜி. என்னும் பெருநிறுவனம், எக்ஸ்.சி.பி. என்ற பூட்டு நிரலை 52 இசைத்தொகுப்புகளின் குறுந்தட்டுகளில் வைத்து அமெரிக்காவில் விற்றது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகள் விற்றுப் போயின. தட்டைக் கணினியில் இட்டுப் பாட்டுக் கேட்க முயன்றவனிடம், எங்கள் கருவியை நிறுவினால்தான் கேட்கலாம் என்று அது சொல்லிற்று. நம்பிச் சம்மதித்தவனுடைய கணினியின் அடிவேர் வரை புகுந்து, தன்னைத்தானே மறைத்துக்கொண்டு அமர்ந்தது. இவ்வகை நிரலை ‘ரூட்கிட்’ என்பர். வழக்கமாக இணையக் கள்வர்கள் கையாளும் உபாயம் இது. அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள் மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் தம் கணினியிலேயே இதைக் கண்டுபிடித்து உலகுக்கு அறிவித்தார்.

அது செய்த தீங்கைக் கேளுங்கள். குறிப்பிட்ட சில எழுத்துகளில் தொடங்கும் பெயருடைய கோப்பு எதுவாயினும், அதை உடையவன் கண்ணுக்கே தெரியாமல் அது மறைத்தது. சில நாட்களுக்குள் வேறு கயவர்கள் தங்கள் நச்சு நிரல்களுக்கு அவ்வெழுத்துகளையே பெயராகச் சூட்டி, அதன் நிழலில் ஒளிந்துகொண்டனர். அதைக் கையால் பிடுங்கி எறிந்தவர்களின் கணினியில் தட்டு ஓட்டும் கருவியே செயலற்றுப் போயிற்று. அதை நீக்குவதற்கென்று நிறுவனம் முதலில் தந்த மருந்தோ, கள்வர் புக இன்னுமொரு வாசலைத் திறந்துவிடுகிறது என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். இவ்வளவுக்கும் பிறகு அந்நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் வானொலியில் என்ன சொன்னார்? ரூட்கிட் என்றால் இன்னதென்றே பெரும்பாலோர்க்குத் தெரியாதபோது அவர்கள் ஏன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று கேட்டார்! அறியாதவன் வீட்டில் கன்னம் வைப்பது குற்றமாகாது என்பதுதானே இதன் பொருள்?

எதிர்ப்பு வலுத்ததும் தட்டுகளைத் திரும்பப் பெற்றனர். டெக்சஸ் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. 2007 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டனர். அவ்வளவே. பிறர் எழுதிய நிரலை உரிமை நிபந்தனைக்கு மாறாக அந்தப் பூட்டுக்குள்ளேயே சேர்த்திருந்தார்கள் என்று வல்லுநர்கள் அப்போதே சுட்டிக் காட்டியது வேறு கதை. திருட்டைத் தடுக்க வந்த காவற்காரனுடைய யோக்கியதை இது!

“கலைஞன் பிழைக்க வேண்டாமா? திருட்டுப் பிரதிகளை எப்படித்தான் ஒழிப்பது?” என்று கேட்பார்கள். கலைஞன் பிழைக்கத்தான் வேண்டும். பாட்டைத் திருடி விற்பவனுக்கு நாம் பரிந்து பேசவில்லை. தமிழ்நாட்டில் திருட்டு வி.சி.டி. விற்போரை 2004-இல் குண்டர் சட்டத்தின் கீழேயே கொண்டுவந்தார்கள். அச்சட்டத்தின் கடுமையைப் பற்றித் தனியே வாதிடலாம்; ஆனால் அது குறிவைத்தது விற்பவனை. இந்தப் பூட்டு யாரைப் பிடிக்கிறது? மீடியாமாக்ஸ் என்ற இன்னொரு பூட்டை, தட்டை இடும்போது ஷிப்ட் விசையை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாலே தாண்டிவிடலாம் என்று 2003-இல் ஒரு மாணவர் வெளிப்படுத்தினார். கள்வனுக்கு ஒரு விரல் போதும். அகப்பட்டுக்கொள்பவன் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கிய யோக்கியனே. திருட்டுப் பிரதியில் பூட்டு இல்லை, வேவு இல்லை. வாங்கிய பிரதியில் இரண்டும் உண்டு. நேர்மைக்குத் தண்டனை விதிக்கும் இந்த நியாயம் எந்த ஊர் நியாயம்?

இது பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். 2008-இல் யாகூ தன் பாட்டுக் கடையை மூடியபோது, விற்ற பாட்டுகளுக்குரிய திறவுகோல்களையும் நிறுத்துவதாக அறிவித்தது. வாங்கியவர்கள் கூச்சலிட்ட பிறகே ஈடு செய்ய முன்வந்தது. 2009-இல் ஆப்பிள் தன் கடையில் விலைக்கு விற்ற பாட்டுகளின் பூட்டைக் கழற்றிற்று. ஆனால் கழற்றிய பூட்டு சந்தாப் பாட்டு என்ற வேடத்தில் கைப்பேசிக்குள் திரும்பி வந்துவிட்டது.

நம் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவர் அண்மையில் தம் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். வாங்கும்போதே அதில் ஒரு பாட்டுச் செயலி பொதிந்திருந்தது. அதை நீக்கவும் வழியில்லை. மாதந்தோறும் பணம் பிடித்தார்கள். பிடிக்கப் பணம் இல்லாமற்போன மாதம், அவர் இறக்கி வைத்திருந்த அம்மன் பாட்டெல்லாம் ஊமையாயின. “ஏன் ஐயா, காசு குடுத்துத்தானே கேட்டேன்? பாட்டை எவன் தூக்கிக்கிட்டுப் போனான்?” என்று கேட்டார். கணக்கு எழுதிப் பழகிய நமக்கு அக்கணக்கு மட்டும் விளங்கவில்லை. வாடகைக்கு விட்டதை வாடகை என்று அந்த அம்மாளுக்கு விளங்கும் தமிழில் எவனும் சொல்லவில்லையே!

மரியாதையாக விற்றால் நம் மக்கள் வாங்கமாட்டார்களா? பழைய நாய்ப்படக் கம்பெனியின் வழிவந்த சரிகம நிறுவனம் 2017-இல் காரவான் என்ற பெட்டியை வெளியிட்டது. பின்னர் தமிழுக்கும் 5,000 பாட்டுகளோடு ஒரு பெட்டி வந்தது. அதிலும் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தவன் முதலாளிதான். ஆயினும் அவற்றைக் கேட்க இணையம் வேண்டாம், சந்தா வேண்டாம். முதியோர் அதை விரும்பி வாங்கினர். விலை கொடுக்க மக்கள் அஞ்சவில்லை; அவமதிப்பைத்தான் வெறுக்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பன மூன்று. பாட்டோடும் கருவியோடும் எது சேர்ந்து வருகிறது என்பதை மலாயிலும் தமிழிலும் உறையின்மேல் அச்சிடுக. வேண்டாதவன் அதை அடியோடு நீக்க வழி வைத்திடுக. சட்டத்தையும் திருத்துக. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 36ஏ பிரிவு பூட்டைத் திறப்பதைத் தடுத்து, சில விலக்குகளை வகுத்திருக்கிறது. அதே ஆண்டு இந்தியச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவோ, உரிமையை மீறும் எண்ணத்தோடு திறப்பவனையே குற்றவாளியாக்குகிறது. விலைகொடுத்து வாங்கிய பாட்டைத் தன் வீட்டில் தானே கேட்கத் திறப்பவன் குற்றவாளியல்லன் என்று நம் சட்டமும் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லவேண்டும்.

தோழர்களே! தலைக்காசு வாங்கிக்கொண்டு நம்மை மேய்த்த கங்காணியைத் தோட்டத்திலிருந்து விரட்ட நம் முன்னோர் ஒரு தலைமுறை போராடினர். அவன் இப்போது பாட்டுக்குள் பதுங்கி நம் வீட்டுக்கே வருகிறான். வாங்குமுன் கேளுங்கள்: “இது எனக்குச் சொந்தமா? இதற்குள் வேறு யார் இருக்கிறார்கள்?” விடை சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.