சும்மா வருகிறதா பார்சல்?

சமயநல்லூரில் எனக்கு ஒரு சித்தி இருக்கிறாள். ரவிக்கையில் மணி வேலை செய்வதில் கெட்டிக்காரி. 2018-ம் வருஷம், விளக்குத்தூண் கடைகளில் நூற்றெண்பது ரூபாய் சொன்ன கண்ணாடி மணிகளைத் தொண்ணூறு ரூபாய்க்குச் சீனாவிலிருந்தே தருவித்துவிட்டாள். தபால் செலவு இலவசம்!

"ஏண்டி, இங்கிருந்து சென்னைக்கு ஒரு பொட்டலம் அனுப்பினாலே நாற்பது ஐம்பது ஆகிறது. கடல் கடந்து சும்மா வருமா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதானே?

1874-ல் சர்வதேசத் தபால் சங்கம் பிறந்தது. 1876-ல் இந்தியா சேர்ந்தது. போகிற கடிதத்துக்குப் பதில் கடிதம் வரும், கணக்கு நேராகிவிடும் என்று எண்ணி, அவரவர் தபால் தலைக் காசை அவரவரே வைத்துக்கொண்டார்கள். ஆனால் எல்லா நாட்டுக்கும் போக்கும் வரத்தும் ஒன்றாகவா இருக்கும்? 1969-ல் டோக்கியோ மாநாட்டில், வீட்டு வாசல்வரை கொண்டுபோய்க் கொடுக்கும் நாட்டுக்கு அனுப்பும் நாடு கூலி தர வேண்டும் என்று முடிவாயிற்று. வளரும் நாடுகளுக்குச் சலுகைக் கூலி. சீனாவும் அந்த வரிசையில் இருந்தது. சின்னப் பொட்டலங்கள் மலிவாகப் பறந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அமெரிக்கா சண்டை பிடித்து, 2019-ல் ஜெனீவாவில் விதியை மாற்றவைத்து, 2020 ஜூலை முதல் தன் கூலியைத் தானே நிர்ணயித்துக்கொண்டது.

சித்தியின் மணிகள் நாற்பத்தேழாம் நாள் வந்தன. அடுத்த பொட்டலம் வரவேயில்லை. மலிவுத் தபாலில் பெரும்பாலும் தேடும் எண் கிடையாது, யாரைக் கேட்பது? எண் கொடுத்தால் அதைப் பாருங்கள்: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், மறுபடி இரண்டு எழுத்து. கடைசி இரண்டும் எந்த நாட்டுத் தபால் என்று சொல்லும்.

முதல் பொட்டலத்தின் மேல் 'அன்பளிப்பு' என்று எழுதியிருந்ததாம். யார் யாருக்குச் செய்த அன்போ! ஐயாயிரம் ரூபாய் வரை அன்பளிப்புக்குச் சுங்கம் இல்லாத காலம் அது. 2019 டிசம்பரில் அந்தச் சலுகை போயிற்று. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு. ராக்கியோடு சேர்த்து வைக்கும் சட்டைத் துணிக்குக்கூட இல்லை.

ஆகவே இப்போது வெளிநாட்டில் வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். பொருளின் விலைக்கு மட்டும் அல்ல, அனுப்பும் கூலியையும் கணக்கில் சேர்த்துத்தான் சுங்கம். இன்ஷூரன்ஸ் உண்டானால் அதுவும் சேரும். தபாலில் வந்தால் பொட்டலத்தைக் கொடுக்கும்போது தபால்காரர் வாங்கிக்கொள்வார். கூரியரில் வந்தால் அடையாளச் சான்று கேட்பார்கள்; சுங்கத்தோடு தங்கள் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்வார்கள்.

இந்தக் குழப்பத்தில்தான் மோசடிக்காரன் நுழைகிறான். போன மாதம் சித்திக்கு ஒரு போன்: "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் உடனே அனுப்புங்கள்." சுங்க இலாகா எழுதும் கடிதங்களில் 'டின்' என்று ஓர் அடையாள எண் இருக்கும், அந்த இலாகாவின் இணையதளத்திலேயே அது நிஜமா என்று பார்க்கலாம். பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

சித்தி இதெல்லாம் பார்க்கவில்லை. "எங்கள் ஊர்த் தபால்காரரிடமே கொடுத்துவிடுகிறேன், அவர் பேர் என்ன சொல்லு?" என்றாளாம். போன் வைக்கப்பட்டுவிட்டது.